விடிவெள்ளி என்று நான் காட்டியது

தலவாக்கலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிற இரும்புக்கடை என்னுடையது. கடைக்குப் பின்னால் நிற்கிற மூன்று லொறியும் என்னுடையதுதான். லிந்துலைப் பாதையில் மண் சரிந்த வளைவில், இங்கே சுவர் நிற்காது என்று படித்தவர்கள் ரெண்டு பேர் பார்த்துச் சொல்லிவிட்டுப் போன இடத்தில், நான் கட்டிய கருங்கல் சுவர் எத்தனையோ மழை பார்த்துவிட்டு இன்னும் நிற்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் போய்த் தட்டிப் பார்க்கலாம். நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. பிரஜாவுரிமைக் கடுதாசி கைக்கு வந்தபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. அதற்கு முன்பே, இந்த நாட்டில் நான் யாருமில்லை என்று இருந்த காலத்திலேயே, வேறொருத்தர் பேரில் முதல் லொறியை ஓடவிட்டேன். நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவுச் சர்ச்சின் புதுக் கூரை, தரை, சுற்று மதில் மூன்றும் என் கடைச் சாமான். என்னை யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை.

அப்படித்தான் இத்தனை வருஷமும் எல்லாரிடமும் சொல்லி வந்தேன்.

மேல்கணக்கு லயத்து வரிசை வீடுகளில் என்னோடு மூக்கொழுக நின்றவர்களில் இன்னும் ஆறேழு பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள். பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தால் பாதியை விழுங்கிவிட்டுப் படிப்பார்கள்.

போன மாதம் சர்ச்சின் இளம் போதகர் கடைக்கு வந்தார். ஆலய மலர் ஒன்று அச்சடிக்கிறார்களாம். சும்மா வருகிறவர் இல்லையே என்று காசு இருக்கிற மேசை லாச்சியைப் பூட்டினேன். "அது இல்ல அங்கிள், உங்க சின்ன வயசு ஞாபகம் ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்றார். எனக்குச் சந்தேகம் கூடியது. ஒன்றும் கேட்காமல் வருகிறவரைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். மலரின் முதல் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். சர்ச் எப்படி வந்தது என்று அதில் எழுதியிருந்தது. மழைக்கால இரவொன்றில், சனத்தை வேலைக்கு எழுப்ப அடிக்கிற பெரட்டுத் தப்பு யாரும் தொடாமலே முழங்கியதாம். சனங்கள் எழுந்து வந்து வானத்தைக் கண்டு கர்த்தரை அறிந்தார்களாம்.

"தப்பு தானா முழங்குமா பாஸ்டர்?"

"கர்த்தரால முடியாதது ஒண்ணும் இல்லையே அங்கிள்."

"முடியும். ஆனா அன்னைக்கு அவர் அடிக்கல. எங்கப்பா அடிச்சாரு."

"தெரியும் அங்கிள். ஆனா சபையில இப்ப எல்லாரும் இப்படித்தான் சாட்சி சொல்றாங்க."

இந்தக் கதை மாறிவந்த வரிசை எனக்குத் தெரியும். முதலில், அப்போது வேதம் சொல்ல வந்துகொண்டிருந்த உபதேசியார் சொல்லி அப்பா அடித்தார் என்றார்கள். பிறகு கர்த்தர் உபதேசியாரிடம் சொன்னார் என்றார்கள். பிறகு உபதேசியாரைத் தூக்கிவிட்டார்கள். இப்போது அப்பாவின் கையையும் எடுத்துவிட்டார்கள். என்னை யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் நான் அந்தக் கதைக்குள் ஒருநாளும் இருக்கவில்லை. அதை இப்போது சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாதான் மேல்கணக்குக்குத் தப்பு அடிக்கிறவர். விடியுமுன் அவர் லயம் லயமாக அடித்துக்கொண்டு போவார். அந்தச் சத்தத்தில் அறுபது காம்பராவிலும் அடுப்புப் புகையும், ஒரு மணி நேரத்தில் சனம் பெரட்டுக்களத்துக்குப் போய் நிற்கும், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு இன்ன மலைக்கு இன்னார் என்று வேலை பிரிப்பார். அப்பாவிடம் மணிக்கூடு கிடையாது. லயத்துக்குக் கிழக்கே முகட்டில் மூன்று கற்பூரத்தைல மரம் நின்றது ஞாபகமிருக்கும். நடு மரத்துக்கு மேலே விடிவெள்ளி வந்தால் தப்பு. மழைநாளிலும் விடிவெள்ளி வராத மாதங்களிலும் சேவலும் உடம்புப் பழக்கமும். இருபது வருஷத்தில் ஒருநாள் பிந்தியதில்லை, முந்தியதுமில்லை. கணக்கப்பிள்ளை தன் வீட்டு மணிக்கூட்டையே அப்பாவின் தப்பைக் கேட்டுத்தான் திருத்துவார்.

அந்த வருஷம் தைக்குப் பிறகு அப்பாவுக்கு மாலைக்கண் வந்துவிட்டது. பகலில் கொழுந்துக்குள் இருக்கிற பூச்சியைக்கூடப் பார்ப்பார். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். தின்கிறது ரொட்டியும் தேத்தண்ணியுமாக இருந்த காலம், லயத்தில் இன்னும் ரெண்டு மூன்று பேருக்கு அது இருந்தது. ஆனால் அவர்களுக்கு இருட்டில் வேலை இல்லை. அப்பாவுக்கு வேலையே இருட்டில்தான்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு எனக்குச் சொன்னாள்: "இனி நீதான் வெளிய போயி பாக்கணும். வந்துருச்சுன்னா வந்துருச்சுன்னு சொல்லு. எவங்கிட்டயாவது வாயத் தெறந்த, அப்பா பேர வெட்டிருவாங்க. பேர வெட்டுனா காம்பராவும் போச்சு. அப்புறம் ரோட்டுலதான்."

அன்றிலிருந்து நான்தான் மேல்கணக்குக்கே கண். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக் கல்லில் ஏறி நிற்பேன். பார்த்துவிட்டு ஓடிவந்து, "வந்துருச்சுப்பா" என்பேன். அப்பா தப்பை அனலில் காட்டித் தோலை முறுக்கேற்றிக்கொண்டு கிளம்புவார். எந்த வாசலில் எத்தனை படி என்று அவர் காலுக்குத் தெரியும். தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டுகிற இடத்தில் மட்டும் என் தோளைப் பிடிப்பார். நான் வாய் திறந்தால் முந்நூறு பேர் எழுந்திரிக்கிறார்கள், அது ஒருத்தருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை ஓங்கும்போதெல்லாம், உன்னை எழுப்புறவனே நான்தான்யா என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

மாசியில் உபதேசியார் வந்தார். ஹட்டன் பக்கத்து ஆள். ஏதோ தோட்டத்து ஆபீஸில் எழுதுகிற வேலை பார்த்தவராம், விட்டுவிட்டு வேதம் சொல்லக் கிளம்பிவிட்டார். முழங்கை கிழிந்த கறுப்புக் கோட்டு. வெள்ளிக்கிழமை பொழுதுபட வந்து மருந்துக் காம்பரா வாசலில் கூட்டம் வைப்பார், அங்கேயே படுத்து, காலை பஸ்ஸுக்கு இறங்குவார். தோட்டத்துத் துரை அதற்கு மட்டும் விட்டிருந்தார். கணக்கப்பிள்ளைக்கு அவரைக் கண்டால் ஆகாது. எனக்கும் ஆகாது. அந்தக் கோட்டின் உள்பையில் என்ன வைத்திருக்கிறார் என்பது எங்கள் செட்டுக்குப் பெரிய ஆராய்ச்சி.

முதல் கூட்டத்திலேயே அவர் செய்த வேலை, பெட்ரோமாக்ஸ் விளக்கை அணைத்ததுதான். பெண்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"வெளக்க அணைச்சிட்டு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இது இருந்தா அது தெரியாதுங்க" என்று மேலே கையைக் காட்டினார். "எல்லாரும் வாசலுக்கு எறங்கி வாங்க."

வானத்தைக் காட்ட ஒரு ஆள் ஹட்டனிலிருந்து பஸ் ஏறி வரவேண்டுமா? எனக்கு அதுதான் முதல் சந்தேகம். நான் தினமும் பார்க்கிற வானம். என்னைக் கேட்டால் நான் காட்டியிருப்பேன்.

அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை. "காலையில உங்க பேரக் கூப்பிடுறாங்க இல்லீங்களா? அந்த மாதிரி இதுகளையும் ஒருத்தர் கூப்பிடுறாரு. எண்ணிப் பாத்தா முடியாது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சிருக்காரு. ஒண்ணு இன்னைக்கு வரலன்னு கிடையாது. ஒண்ணு பிந்தி வந்துச்சுன்னு கிடையாது. இவ்வளவையும் பேர் சொல்லிக் கூப்பிடுறவருக்கு இந்த லயத்துல இருக்கிற உங்க பேர் மறந்து போகுங்களா? செஞ்சவரக் காட்டுன்னு எங்கிட்டக் கேக்குறாங்க. செஞ்ச வேலையத்தான் காட்ட முடியும். வேலையப் பாத்தா ஆளத் தெரியும்."

"மேலயும் பெரட்டுதானா? அப்ப நமக்கு எப்பத்தான் லீவு?" என்று அதே குரல். எல்லாரும் சிரித்தார்கள். உபதேசியாரும் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. அண்ணாந்து நின்றார், கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது வெறும் கறுப்புக் கம்பளி என்று அந்த வாசலில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். எதற்கு நடிக்கிறார்? யாருக்காக? திரும்பும்போது மருந்துக் காம்பராக் கானில் காலை விடப் பார்த்தார், உபதேசியார் சட்டென்று கையைப் பிடித்தார். பிடித்த கையை அவர் கொஞ்ச நேரம் விடவில்லை. அப்பாவின் கண்ணுக்கு நேரே விரலை மெல்ல ஆட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

வழியில் கேட்டேன்: "ஏம்ப்பா அழுதீங்க? உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

"அந்த ஆள் கூப்பிடக் கூப்பிட முந்திப் பாத்ததெல்லாம் வந்து வந்து நின்னுச்சுடா" என்றார்.

எனக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்கு மாரியம்மன் இருந்தது. திருவிழாவில் அப்பாவின் தப்புக்குப் பின்னால்தான் சாமியே வரும். கோயில் படிக்கு மேலே ஏறத் தப்படிக்கிற எங்களுக்கு இடமில்லை என்பது வேறு விஷயம், அதுவும் உபதேசியாருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் அவர் என்னைப் பீலிக்கரையில் தனியே பிடித்தார்.

"தம்பி, அப்பாவுக்கு மாலைக்கண்ணா?"

"இல்லீங்க. எங்கப்பாவுக்குப் பூனைக்கண்ணு. இருட்டுல எலி ஓடுறதக்கூடப் பாப்பாரு."

"நல்லதா போச்சு" என்று கோட்டின் உள்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். பச்சைக் கண்ணாடி, மீன் படம் ஒட்டியிருந்தது. "பூனைக்கு மீன் எண்ணெ பிடிக்கும். காலையில ஒரு கரண்டி. நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம்."

சொல்ல வேண்டாம் என்கிறாரே, அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஆளைப் பிடிக்கிற எண்ணெய். குடித்தால் அப்பா அவர் பின்னாலேயே போய்விடுவார். லயத்துக்குப் பின்னால் கானில் கவிழ்த்தேன், ரெண்டு நாளைக்கு அந்தக் கானை விட்டுப் பூனைகள் போகவில்லை. இன்னொரு காரணமும் உண்டு, அதை இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்பாவுக்குக் கண் தெரிந்துவிட்டால் நான் யார்? மறுபடியும் வாத்தியாரிடம் அடி வாங்குகிற பயல்தானே.

வெறும் போத்தலை எறிய மனம் வரவில்லை. தேயிலைப் பக்டரிப் பக்கம் கிடந்தது என்று அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா மூடியில் ஓட்டை போட்டு, திரி போட்டு, மண்ணெண்ணெய் விளக்காக்கினாள். அந்தக் குப்பி விளக்கில்தான் எங்கள் வீட்டில் ராச்சாப்பாடு.

வைகாசியில் மழை பிடித்தது. உங்களுக்குத் தெரியும் அந்த மழை. தகரக் கூரையில் பகலும் ராவும் ஒரே சத்தம், பேசினால் காதில் விழாது. கம்பளி காயவில்லை, விறகு எரியவில்லை, சுவரில் பாசி. அஞ்சாறு வாரமாக வானம் என்று ஒன்று இல்லை. அப்பா சேவலை வைத்துச் சமாளித்தார், எனக்கு வேலை இல்லை. உபதேசியார் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் நனைந்துகொண்டு வந்தார். "வானம் எங்க உபதேசியாரே, ஹட்டன்லயே மறந்து வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று கிண்டல் பண்ணினார்கள். "அது அங்கதாங்க இருக்கு" என்பார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, மழை நின்றது. சத்தம் நின்றதில் அப்பா விழித்துக்கொண்டார். அத்தனை நாள் கேட்ட சத்தம் இல்லாததால் நேரம் பிந்திவிட்டது என்று அவருக்குப் பதற்றம். சேவலும் கூவவில்லை. சேவலை நம்பலாமா, மழையில் அதுவும் நனைந்திருக்கும். என்னை உலுக்கினார்.

"போயி பாரு. சீக்கிரம்."

பீலிக்கரைக் கல்லில் ஏறினேன். கழுவித் துடைத்து வைத்தது மாதிரி வானம். நடு மரத்துக்கு மேலே, சற்று இடப்பக்கம், பெரிசாக ஒன்று நின்றது. கொஞ்சம் மஞ்சள். விடிவெள்ளி வெள்ளையாக இருக்கும், கண்ணைக் குத்தும். இது குத்தவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தெரியவில்லை என்று சொல்கிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

"வந்துருச்சுப்பா."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்ப்பா."

அப்பா அடித்தார். அறுபது காம்பராவும் எழுந்தது. கணக்கப்பிள்ளையும் எழுந்தார். அவர் மணிக்கூடு ரெண்டு மணி காட்டியிருக்கிறது. மழை ஈரத்தில் நின்றுபோயிருக்கும் என்று முள்ளைத் திருப்பி, சாவி கொடுத்து, நேரே அஞ்சுக்கு வைத்துவிட்டு வந்தார். இருபது வருஷமாகப் பிழைக்காத தப்பை நம்பினார், ஓடிக்கொண்டிருந்த மணிக்கூட்டை நம்பவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

சனம் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றது. கூடைக்காரப் பெண்கள், தலையில் சாக்கு, கையில் பிள்ளைகள். நான் மேட்டில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பரா ஓரமாக நின்றேன். பேர் கூப்பிட்டு முடிந்தது. விடியவில்லை. காத்திருந்தார்கள். வாயிலிருந்து புகை வருகிற குளிர். இன்னும் விடியவில்லை.

"இன்னைக்குச் சூரியனுக்குப் பேர் விழாது போல" என்றது கூட்டத்தில் கிண்டல் பண்ணிய அந்தக் குரல்.

கீழேயிருந்து ஒரு லாந்தர் ஏறி வந்தது. பக்டரிக் காவல்காரர். "யாருங்க செத்தது?" என்று மூச்சு வாங்கக் கேட்டார். நடு ராத்திரியில் தப்பு கேட்டால் சாவு என்றுதானே நினைப்பார்கள். "ஒருத்தரும் சாகல, பெரட்டு" என்றார்கள். "பெரட்டா? மணி இன்னும் நாலுகூட ஆகலயே."

"ஐயா கையில ஆறு காட்டுதே" என்று யாரோ சொல்ல, களம் முழுக்கச் சிரிப்பு. கணக்கப்பிள்ளை மணிக்கூட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை வைத்த இடம் தெரியாமல் கக்கத்தில் செருகிக்கொண்டு அப்பாவிடம் போனார்.

"ஏய், எதப் பாத்துடா அடிச்ச?"

"விடிவெள்ளி பாத்துங்கய்யா."

"எங்க இருக்கு விடிவெள்ளி? காட்டு."

அப்பா கையைத் தூக்கினார். கூட்டத்தில் அங்கும் இங்கும் இழுபட்டதில் அவருக்குத் திசை மாறியிருந்தது. அவர் கை நேரே மேற்கே, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாத கறுத்த மலையைக் காட்டியது. விரலும் நடுங்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டும் போல இருந்தது. நடுவே அத்தனை சனம். சிரிப்பு நின்றது. "என்ன, மலையக் காட்டுறாரு?" என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். கணக்கப்பிள்ளை டோர்ச்சை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே உயர்த்தினார். அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவர விடுங்கய்யா." உபதேசியார். கோட்டுக்கு மேலே சாக்கைப் போர்த்திக்கொண்டு மருந்துக் காம்பராவிலிருந்து இறங்கி வந்தார். "நான் சொல்லித்தான் அடிச்சாரு. மழை விட்டிருச்சு, வானம் தெரியுது, சனத்த எழுப்புங்கன்னு நான்தான் சொன்னேன்."

அது பொய். அன்றைக்கு மழைக்குப் பயந்து அப்பா கூட்டத்துக்கே போகவில்லை.

கணக்கப்பிள்ளையின் டோர்ச் அப்பாவை விட்டு அந்தப் பக்கம் திரும்பியது. "அப்பவே நெனச்சேன். இவன் ஆளப் பிடிக்க எம் மணிக்கூட்டத் திருப்ப வச்சிருக்கான். சரி, எழுப்பிட்ட. சனம் நிக்கிது. சொல்லு, என்னத்தச் சொல்லக் கூப்பிட்ட? சொல்லிட்டு எறங்கு. இனி அந்தக் கோட்டு இந்தத் தோட்டத்துல தெரியக் கூடாது."

உபதேசியார் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவருக்குச் சொல்ல ஒன்றும் தயாராக இல்லை என்று நினைக்கிறேன், தூக்கத்திலிருந்து வந்தவர். பிறகு சொன்னார்: "நீங்க எல்லாம் பிழையான நேரத்துக்கு வந்து நிக்கிறீங்க. என்னை மன்னிச்சிருங்க. ஆனா அதுகளப் பாருங்க. ஒண்ணும் பிழையா வரல."

வேறு வேலை இல்லாத சனம், அண்ணாந்து பார்த்தது. டோர்ச் அணைந்தது. நானும் பார்த்தேன். தினமும் பார்த்தவன் நான், ஒரே ஒரு வெள்ளியைத் தேடிப் பார்த்தவன், மற்றதை எல்லாம் ஒருநாளும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. முகட்டிலிருந்து முகடு வரைக்கும் இடம் விடாமல் இருந்தது. கையிலிருந்த பிள்ளைகள்கூட அழவில்லை. அந்த அமைதியில் ஒரு கொழுந்துக்காரப் பெண் பக்கத்தில் நின்றவளிடம் கேட்டது களம் முழுக்கக் கேட்டது:

"அடியே, இத்தன நாளும் இவ்வளவும் மழைக்கு மேலயேவா இருந்துச்சு?"

உங்கள் சர்ச் அந்தக் கேள்வியில் கட்டியது. தப்பில் இல்லை. மறு மாசம் ஏழு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலைக்கு நடந்து ஆராதனைக்குப் போகத் தொடங்கியது, அந்தப் பெண்ணின் வீடுதான் முதல்.

உபதேசியார் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. சாக்கைப் போர்த்தியபடியே இருட்டில் நடந்து இறங்கினார். அப்பாவின் பேர் வெட்டுப்படவில்லை. "இனி எவன் பேச்சையாவது கேட்டு அடிச்ச, தொலஞ்ச" என்பதோடு போயிற்று.

எனக்கு அவர்மேல் நன்றி வரவில்லை. சந்தேகம்தான் முறுக்கியது. வேதம் சொல்கிறவர் வாய் கூசாமல் பொய் சொல்கிறார். இவ்வளவு பெரிய உதவி செய்கிறவனுக்குப் பெரிய கணக்கு இருக்கும், அப்பாவை இனி அவர் விடமாட்டார். ஆவணியில் அப்பா தலவாக்கலைக்குப் போய் ஞானஸ்நானம் எடுத்தபோது, பார்த்தியா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அம்மா மட்டும் சொன்னாள்: "நமக்காக ஒரு ஆள் தன் பேரக் கெடுத்துக்கிட்டான்னா, அவன் கும்பிடுறது யாருன்னு போயித்தான் பாப்போமே. பாத்தா என்ன கொறஞ்சு போகும்?"

அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. தலவாக்கலை பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவருகிற முஸ்லிம் நானா ஒருநாள் காகிதத்தில் சுற்றிய ஒன்றை அம்மாவிடம் கொடுத்தார். "ஒரு கோட்டுக்காரர் தந்தார். காலையில ஒரு கரண்டியாம்." அம்மா பிரித்தாள். பச்சைக் கண்ணாடி. மீன் படம். அவள் போத்தலைப் பார்த்தாள், அடுப்படி மேட்டில் இருந்த குப்பி விளக்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குல்ல" என்றாள்.

அவள் அடிக்கவில்லை. "இனிமே அந்த வெளக்க நீதான் ஏத்தணும்" என்றாள், அவ்வளவுதான். தினமும் ஏற்றினேன். அந்த வீட்டை விட்டுப் போகிற வரைக்கும் ஏற்றினேன். கை சுட்ட நாள்களும் உண்டு. அந்தக் குப்பி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் கடையில் எத்தனையோ தினுசு விளக்கு விற்றிருக்கிறேன், அந்தப் பச்சை வரவில்லை.

ரெண்டாவது போத்தல் பாதிகூட முடியவில்லை, அப்பாவுக்குக் கண் வந்துவிட்டது. ஒரு விடிகாலை என்னை எழுப்பாமல் தானே போய்ப் பீலிக்கரையில் நின்றார். நான் பின்னால் போனேன்.

"அன்னைக்கு நீ பாத்தது எதுடா?"

காட்டினேன். அது இப்போது மரத்தை விட்டு வெகுதூரம் மேலே போயிருந்தது. அதே மஞ்சள்.

"இதா?"

"ஆமாப்பா."

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். இருபது வருஷம் விடிவெள்ளியைப் பார்த்து அடித்த மனுஷர். "நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்டா" என்றார். தப்பை எடுக்க உள்ளே போய்விட்டார்.

அடித்திருப்பாரா? அறுபது வருஷத்துக்கு மேலாக அதைத்தான் யோசிக்கிறேன். பேரனின் போனில் ஒரு வித்தை இருக்கிறது, வானத்துக்கு நேரே பிடித்தால் எது என்ன என்று பேர் காட்டுகிறது. அன்றைக்கு நான் பார்த்தது எது என்று கேட்டேன். "தேதி சொல்லுங்க தாத்தா" என்றான். மழை விட்ட வெள்ளிக்கிழமை என்று போட்டுப் பார் என்றேன். சிரிக்கிறான். மஞ்சளாக இருந்தால் வியாழனாக இருக்கலாம் என்கிறான். போன் சொல்வதை நான் எப்படி நம்புகிறது? ஆனால் பச்சைப் பிள்ளைகூட வியாழனையும் வெள்ளியையும் மாற்றிப் பார்க்காது என்றும் அவனே சொல்கிறான். அப்படியென்றால் அப்பா எனக்காகச் சொன்னதும் பொய்தான். உபதேசியார் சொன்னது மாதிரியே. அதை அவரிடம்தான் கற்றிருப்பார்.

முதல் லொறி எடுத்த வருஷம் ஹட்டனில் உபதேசியாரைத் தேடினேன். கோட்டுக்காரர் என்று கேட்டால் நாலைந்து பேரைக் காட்டினார்கள், ஒருத்தரும் அவரில்லை. கானில் ஊற்றிய எண்ணெயைப் பற்றி அவரிடம் சொல்ல முடியாமல் போயிற்று.

நான் முழு விசுவாசி என்று சொல்லமாட்டேன். பாஸ்டரின் பிரசங்கத்தில் பாதியைச் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன், அது அவருக்கும் தெரியும். ஆனால் இன்றும் கடை திறக்குமுன் மொட்டைமாடியில் ஏறி ஒருமுறை பார்க்கிறேன், ஏதாவது ஒன்று வராமல் இருக்கிறதா என்று. இதுவரைக்கும் இல்லை. செய்த வேலையைப் பார்த்தால் ஆளைத் தெரியும் என்று அவர் சொன்னார். நான் சுவர் கட்டுகிறவன், அது சரிதான் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே பாஸ்டர், மலர் அச்சுக்குப் போகுமுன் முதல் பக்கத்தைத் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் நான் எழுதிய இந்தப் பக்கங்களைத் திருப்பித் தந்துவிடுங்கள், நானே அச்சடித்து லயம் லயமாகக் கொடுப்பேன். தப்பு தானாக முழங்கவில்லை. அடித்தது எங்கப்பா, கண் தெரியாமல் அடித்தார். காட்டியது நான், பிழையாகக் காட்டினேன். பழியை ஏற்றது உபதேசியார், பொய் சொல்லி ஏற்றார். இந்த மூன்றையும் முதலில் போடுங்கள். அதற்குப் பிறகும் கர்த்தருக்குச் சேரவேண்டியது நிறைய மிச்சம் இருக்கும், அதை அவருக்குப் போடுங்கள்.

என் பேர் பெரிய எழுத்தில் வரவேண்டும். கூரைக்கு வேண்டாம், மதிலுக்கு வேண்டாம். அந்தப் பிழைக்கு.